‘கொலையாளி’ டி செல்களுக்கு எதிரியைக் காட்டிக்கொடுப்பது யார்? டென்ட்ரிட்டிக் செல் சிகிச்சை: எதிர்பார்ப்பும் நிஜமும்

2011 அக்டோபர் 3, திங்கள்கிழமை. அந்த ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஸ்டாக்ஹோமில் அறிவிக்கப்படுகிறது. மொத்தம் மூன்று பேர். பரிசில் பாதி, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ஸ்டைன்மேனுக்கு. அடுத்த சில மணி நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தகவல் நோபல் குழுவையே திகைக்க வைத்தது. ஸ்டைன்மேன் உயிரோடு இல்லை. மூன்று நாள்களுக்கு முன்பு, செப்டம்பர் 30 அன்றே இறந்துவிட்டார்.

இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது என்பது விதி. அவசரமாகக் கூடிப் பேசிய நோபல் அமைப்பு, ‘அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தான் அறிவித்தோம், எனவே பரிசு செல்லும்’ என்று முடிவெடுத்தது. இந்தக் கதையை நோபல் துணுக்குகளில் நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கலாம். ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஸ்டைன்மேன் இறந்தது கணையப் புற்றுநோயால். 2007-ல் நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது, பரவ ஆரம்பித்திருந்தது. அந்த நிலையில் பெரும்பாலானோர் ஒரு வருடத்தைத் தாண்டுவதே கஷ்டம். அவர் நாலரை வருடம் வாழ்ந்தார். அறுவை சிகிச்சை, கீமோ ஆகியவற்றோடு, தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒரு செல்லையே மருந்தாக்கித் தன் உடம்பில் செலுத்திக்கொண்டார். அதன் பெயர் டென்ட்ரிட்டிக் செல்.

‘உங்கள் ரத்தத்திலிருந்தே புற்றுநோய்க்கு மருந்து’, ‘பக்கவிளைவே இல்லாத புற்றுநோய் தடுப்பூசி’ என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் பேசப்படுவதும் பெரும்பாலும் இதே செல்லைப் பற்றித்தான். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், இப்படி ஒரு வீடியோ எத்தனை பேரிடமிருந்து ஃபார்வர்டு ஆகி வரும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அதில் எவ்வளவு உண்மை? முதலில் இந்த செல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆயுதம் இருக்கிறது, ஆளைத் தெரியவில்லை

நம் உடம்பில் கொல்வதற்கென்றே ஒரு படை இருக்கிறது. ஆங்கிலத்திலேயே அதற்கு ‘கில்லர் டி செல்’ என்றுதான் பெயர். வைரஸ் புகுந்த செல்லையோ புற்றுநோய் செல்லையோ கண்டுபிடித்தால், அதோடு ஒட்டிக்கொள்ளும். அதன் சுவரில் ஓட்டை போடும் புரதத்தையும், உள்ளே போய் ‘நீயே செத்துப்போ’ என்று கட்டளையிடும் நொதிகளையும் பாய்ச்சும். சில நிமிடங்களில் வேலையை முடித்துவிட்டு அடுத்த செல்லுக்குப் போய்விடும். பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான செல்லைத் தொடாது.

எப்படி அவ்வளவு குறிபார்த்து அடிக்கிறது? உடம்பில் இருக்கும் கிட்டத்தட்ட எல்லா செல்களும், தங்களுக்குள் தயாராகும் புரதங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மேற்பரப்பில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு துண்டு என்பது பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளம்தான். வீட்டு வாசலில் கிடக்கும் குப்பையைப் பார்த்தே உள்ளே என்ன சமையல் என்று சொல்லிவிடலாம், இல்லையா? அதேபோல, இந்தத் துண்டுகளைத் தடவிப் பார்த்துத்தான் டி செல் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்கிறது.

இங்கே ஒரு சிக்கல். ஒவ்வொரு டி செல்லுக்கும் அடையாளம் தெரிந்தது ஒரு சில துண்டுகள் மட்டுமே. குறிப்பிட்ட ஒரு புற்றுநோய்த் துண்டை அடையாளம் காணக்கூடிய டி செல், லட்சத்தில் ஒன்று அல்லது பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். அதுவும் இதுவரை எதிரியையே பார்க்காத, பயிற்சி பெறாத செல். யாராவது அதைத் தேடிப் பிடித்து, ‘இதோ பார், இதுதான் உன் ஆள்’ என்று காட்டிக்கொடுக்க வேண்டும். டென்ட்ரிட்டிக் செல்லின் வேலை அதுதான்.

1973-ல் ஸ்டைன்மேனும் அவருடைய வழிகாட்டி சான்வில் கோனும் எலியின் மண்ணீரலை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தபோது, மரக்கிளைபோல நீட்டிக்கொண்டிருந்த விநோதமான செல்களைப் பார்த்தார்கள். கிரேக்க மொழியில் ‘டென்ட்ரான்’ என்றால் மரம். அப்படி வந்த பெயர்தான் டென்ட்ரிட்டிக். உண்மையில் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1868-ல், பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் தோலில் இதே வகை செல்லைப் பார்த்திருந்தார். கிளைகளைப் பார்த்ததும் நரம்பு செல் என்று நினைத்துவிட்டார். (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளுக்கு ‘லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்’ என்று பெயர் வைத்தது இவர் பெயரால்தான். ஸ்டைன்மேனுக்கு நோய் வந்த அதே கணையம்!)

ஸ்டைன்மேன் சொன்னதைப் பல வருடங்கள் பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. நோய் எதிர்ப்பைத் தொடங்கிவைப்பது வேறு ஒரு செல் என்பதுதான் அப்போது நிலவிய கருத்து. அவரும் விடாமல் இருபது வருடங்களுக்கு மேல் அதே செல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நெறிக்கட்டு என்னும் வாரச் சந்தை

டென்ட்ரிட்டிக் செல்கள் தோல், நுரையீரல், குடல் என எல்லா எல்லைகளிலும் உட்கார்ந்திருக்கும். அங்கே கிடைப்பதை விழுங்கும். ஆபத்து என்று தோன்றினால், விழுங்கியதோடு கிளம்பி, நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் வீங்குமே, நெறிகட்டியிருக்கு என்போமே, அந்த இடம்தான்.

நிணநீர் முடிச்சை ஒரு வாரச் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் சுற்றும் டி செல்கள் அங்கே வந்து கூடும். டென்ட்ரிட்டிக் செல் தன் சரக்கை, அதாவது துண்டுகளை, கடை விரித்து வைக்கும். கிளைகள் நிறைய இருப்பதால் ஒரே நேரத்தில் பல டி செல்கள் தொட்டுப் பார்க்கலாம். பொருத்தமான டி செல் வந்து மாட்டியதும், அது ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாள்களில் ஆயிரக்கணக்கில் பெருகி, அந்தத் துண்டைத் தேடி உடம்பு முழுக்கக் கிளம்பிவிடும்.

இதில் எல்லாரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துண்டைக் காட்டினால் மட்டும் போதாது. பேங்க் லாக்கரைத் திறக்க நம்மிடம் ஒரு சாவி, பேங்க்கிடம் ஒரு சாவி என்று இரண்டு வேண்டும் இல்லையா? டி செல்லும் அப்படித்தான். துண்டு முதல் சாவி. டென்ட்ரிட்டிக் செல் ‘ஆக்டிவேட்’ ஆகும்போது தன் மேற்பரப்பில் வெளிக்கொண்டுவரும் இன்னொரு புரதம் இரண்டாவது சாவி. இரண்டும் திரும்பினால் டி செல் விழித்துக்கொள்ளும்.

முதல் சாவியை மட்டும் போட்டால்? லாக்கர் திறக்காது என்பதோடு விஷயம் முடிவதில்லை. பூட்டு ஜாம் ஆகிவிடும். அந்த டி செல் செயலிழந்துபோகும், ‘இந்தத் துண்டைக் கண்டால் கண்டுகொள்ளாதே’ என்று பாடம் கற்றுக்கொள்ளும். நம் உடம்பை நாமே தாக்கிக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

புற்றுநோய் பயன்படுத்திக்கொள்வதும் இந்த ஏற்பாட்டைத்தான். வைரஸோ பாக்டீரியாவோ வந்தால் டென்ட்ரிட்டிக் செல்லுக்கு ஆபத்து என்று உடனே உறைக்கும். புற்றுநோய் நம் சொந்த செல். சத்தம் போடாமல் வளரும். பல கட்டிகள் டென்ட்ரிட்டிக் செல்லைத் தூங்கவைக்கும் வேதிப்பொருள்களை வேறு சுரக்கும். தூக்கக் கலக்கத்தில் சந்தைக்குப் போகும் அந்த செல், டி செல்களுக்கு எதிர்ப்பதற்குப் பதிலாகப் பொறுத்துப்போகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரும்.

அப்படியானால், அந்த செல்லை உடம்புக்கு வெளியே எடுத்து, தட்டி எழுப்பி, சரியான துண்டைக் கையில் கொடுத்து, திரும்ப அனுப்பினால்? டென்ட்ரிட்டிக் செல் சிகிச்சையின் மொத்த யோசனையும் அவ்வளவுதான்.

வெளியே எடுத்து, எழுப்பி, உள்ளே அனுப்பு

பிளேட்லெட் தானம் கொடுத்தவர்களுக்கு முதல் கட்டம் பழகியதுதான். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதி இன்னொரு கை வழியாகத் திரும்பும். மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இங்கே எடுப்பது வெள்ளை அணுக்கள். ரத்தத்தில் டென்ட்ரிட்டிக் செல்கள் மிகமிகக் குறைவு, வெள்ளை அணுக்களில் ஒரு சதவிகிதம்கூடத் தேறாது. அதனால் மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளை அணுவைப் பிரித்து, ஒரு வாரம்போல ஆய்வகத்தில் இரண்டு வளர்ச்சிப் புரதங்களோடு வளர்த்தால், அது டென்ட்ரிட்டிக் செல்லாக மாறிவிடும். 1994-ல் இந்த வழி கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் மருத்துவர்கள் சிகிச்சை என்ற பேச்சையே தீவிரமாக எடுத்தார்கள்.

அடுத்து, அந்த செல்லுக்குப் புற்றுநோயின் அடையாளத்தை ஊட்ட வேண்டும். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை அரைத்தே கொடுக்கலாம். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் கொடுக்கலாம். கட்டியின் ஆர்.என்.ஏ.வைக் கொடுக்கலாம். பிறகு ஆக்டிவேட் செய்யும் மருந்துக் கலவை. கடைசியில் ஊசியாகத் தோலிலோ, நிணநீர் முடிச்சிலோ, ரத்த நாளத்திலோ செலுத்துவார்கள்.

கார்-டி சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கார்-டியில் டி செல்லையே வெளியே எடுத்து, அதன் மரபணுவை மாற்றி, புது ஆயுதம் பொருத்தி அனுப்புகிறார்கள். டென்ட்ரிட்டிக் சிகிச்சையில் டி செல்லைத் தொடுவதே இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுக்கும் செல்லை மட்டும் தயார்செய்து அனுப்புகிறார்கள். சொல்லிக்கொடுத்ததை டி செல் கேட்குமா என்பது உடம்பின் கையில்.

இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ‘கேன்சர் வாக்ஸின்’ என்கிறார்கள். தமிழில் ‘தடுப்பூசி’ என்று எழுதினால் வராமல் தடுப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஹெச்.பி.வி. ஊசி அப்படிப்பட்டது, அது நிஜமான தடுப்பூசி. டென்ட்ரிட்டிக் செல் ஊசி, நோய் வந்துவிட்டவர்களுக்கானது. இந்தக் கட்டுரையில் அதனால்தான் ‘சிகிச்சை’ என்றே எழுதுகிறோம்.

நான்கு மாதங்களின் விலை

2010 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ‘புரொவெஞ்ச்’ என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு செல்களை வெளியே எடுத்து ஆக்டிவேட் செய்து திருப்பிக் கொடுக்கும் வகையில் அங்கே அனுமதி பெற்ற முதல் புற்றுநோய் சிகிச்சை அதுதான். மற்ற சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் பரவிவிட்ட புரோஸ்டேட் புற்றுநோய்க்கானது.

செய்முறையைக் கேட்டாலே தலைசுற்றும். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் நேராகத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே புரோஸ்டேட் செல்களில் இருக்கும் ஒரு புரதத்தையும், ஆக்டிவேட் செய்யும் ஒரு புரதத்தையும் ஒட்டித் தயாரித்த கலவையோடு சுமார் 40 மணி நேரம் ஊறவைப்பார்கள். பிறகு அதே நோயாளிக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். ஆயுள் 18 மணி நேரம். அதற்குள் ஏற்றியாக வேண்டும். இதே கதை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. ஒவ்வொரு டோஸும் ஒருவருக்கு மட்டுமே ஆனது, மிச்சமானால் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

512 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் கிடைத்த பலன்: போலி சிகிச்சை பெற்றவர்களின் சராசரி (இடைநிலை) ஆயுள் 21.7 மாதம், புரொவெஞ்ச் பெற்றவர்களுக்கு 25.8 மாதம். அதாவது 4.1 மாதம் கூடுதல். குளிர், காய்ச்சல், அசதி என்று ஓரிரு நாள் தொல்லை, கீமோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் கட்டி பெரும்பாலும் சுருங்கவில்லை, நோய் முற்றும் வேகமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆயுள் மட்டும் கூடியிருந்தது. எப்படி? நிபுணர்கள் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விலை 93,000 டாலர். அன்றைய மதிப்பில் 40 லட்ச ரூபாய்க்கும் மேல். அடுத்த இரண்டு வருடங்களுக்குள் அதே நோய்க்கு மாத்திரைகளே வந்துவிட்டன. புரொவெஞ்ச் தயாரித்த டென்ட்ரியான் நிறுவனம் 2014 நவம்பரில் திவால் மனு போட்டது. சிகிச்சை மட்டும் கைமாறிக் கைமாறி இன்னமும் பயன்பாட்டில் இருக்கிறது.

நான்கு மாதம் என்பது குறைவா? மகளின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும் ஒருவரிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஆனால், ‘புற்றுநோயை விரட்டும் அதிசய ஊசி’ என்று வீடியோவில் சொல்வதும் இந்த 4.1 மாதமும் ஒன்றல்ல என்பது மட்டும் நிச்சயம்.

டி செல் பெருகுகிறது, கட்டி ஏன் கரையவில்லை?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. டென்ட்ரிட்டிக் செல்லைக் கொடுத்த பிறகு ரத்தத்தைச் சோதித்தால், புற்றுநோயைக் குறிவைக்கும் டி செல்கள் அதிகமாகியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விளம்பரங்களும் அதைத்தான் காட்டும். ‘நோய் எதிர்ப்பு பல மடங்கு கூடியது’ என்ற வரைபடம் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ரத்தத்தில் டி செல் கூடுவதும், கட்டி கரைவதும் வேறு வேறு.

2004-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் மையத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு, தாங்களே பலவகைப் புற்றுநோய் வாக்ஸின்கள் கொடுத்த 440 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 2.6% பேருக்கு மட்டும். இந்தத் துறையிலேயே பெரிய ஆள் ஒருவர், தன் கையால் செய்த வேலையைப் பற்றி இப்படி எழுதியது பலரை உலுக்கியது. எனக்குத் தெரிந்து அறிவியலில் இதைவிட நேர்மையான சதவிகிதங்கள் குறைவு.

காரணங்கள் பல. டி செல் கட்டியின் வாசல்வரை போகும், உள்ளே நுழைய முடியாது. நுழைந்தாலும் கட்டி பிரேக் போட்டுவிடும். (அந்த பிரேக்கைக் கண்டுபிடித்து விடுவித்ததற்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018 நோபல்.) சில புற்றுநோய் செல்கள் துண்டுகளை வெளியே காட்டுவதையே நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, டி செல்லுக்குக் காட்டிய துண்டே தப்பாக இருக்கலாம். புரொவெஞ்ச் காட்டுவது புரோஸ்டேட்டில் சாதாரணமாகவே இருக்கும் புரதம். நம் சொந்தப் புரதத்தைப் பலமாக எதிர்க்கும் டி செல்களை உடம்பு சின்ன வயதிலேயே வடிகட்டிவிடும். மிஞ்சியிருப்பவை அரைமனதோடு வேலை செய்பவைதான்.

மூளைக் கட்டிகளிலேயே கொடியதான கிளையோபிளாஸ்டோமாவுக்கான ‘டிசிவாக்ஸ்-எல்’ இன்னொரு உதாரணம். 331 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. 19.3 மாதம், ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களுக்கு 16.5 மாதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பீட்டு நோயாளிகள் இந்த ஆய்வில் இருந்தவர்களே இல்லை, வேறு ஆய்வுகளிலிருந்து எடுத்தவர்கள். போலி ஊசி பெற்றவர்களுக்கு நோய் திரும்பியதும் அவர்களுக்கும் நிஜ ஊசி கொடுக்கப்பட்டதால், உள்ளுக்குள்ளேயே ஒப்பிட முடியாமல் போனது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவு. கணக்குப் போடுபவருக்குத்தான் கஷ்டம்.

அப்போ ஸ்டைன்மேன்? அவருடைய கட்டியிலிருந்து தயாரித்த ஆர்.என்.ஏ. ஊட்டிய டென்ட்ரிட்டிக் செல்கள், கட்டியின் துண்டுகள் ஊட்டிய டென்ட்ரிட்டிக் செல்கள், இவற்றோடு வேறு வகை வாக்ஸின் என்று பல சிகிச்சைகளை எடுத்துக்கொண்டார். எல்லாமே முறைப்படி அனுமதி பெற்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஆய்வுகளின் விதிமுறைப்படி. ஒரு பரிசோதனையில் அவருடைய கொலையாளி டி செல்களில் சுமார் 8% அவருடைய கட்டியைக் குறிவைப்பவையாக இருந்தன. பிரமாதமான எண்ணிக்கை. அதுதான் அவரைக் காப்பாற்றியதா, அறுவை சிகிச்சையா, கீமோவா, அல்லது அவருடைய கட்டியே கொஞ்சம் மெதுவான ரகமா? ஒரே ஒரு ஆள், ஒரே நேரத்தில் பல சிகிச்சை. பிரித்துச் சொல்ல வழியே இல்லை. தன் விஷயத்தில் அப்படி எதையும் நிரூபிக்க முடியாது என்பது விஞ்ஞானியான அவருக்கும் தெரிந்தே இருந்தது.

சரியான துண்டைத் தேடி

கடந்த பத்து வருடங்களில் ஆட்டம் மாறியிருக்கிறது. புற்றுநோய் செல்லில் மரபணுப் பிழைகளால் உருவாகும் புத்தம்புதுப் புரதத் துண்டுகள் உண்டு. இவை உடம்பில் வேறெங்கும் இருக்காது, ஆளுக்கு ஆள் வேறுபடும். இவற்றை எதிர்க்கும் டி செல்களை உடம்பு வடிகட்டியிருக்காது. 2015-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மூன்று தோல் புற்றுநோய் நோயாளிகளின் கட்டிகளை மரபணு வரிசைப்படுத்தி, அவரவருக்கான துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, டென்ட்ரிட்டிக் செல்களில் ஏற்றிக் கொடுத்தார்கள். அதுவரை காணாத வகை டி செல்களும் பெருகின. மூன்றே பேர் என்றாலும் பாதை தெரிந்தது.

அடுத்த கேள்வி: டென்ட்ரிட்டிக் செல்லை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டுமா? உள்ளே இருக்கும்போதே சொல்லிக்கொடுக்க முடியாதா? கொரோனா காலத்தில் நமக்குப் பழகிய எம்.ஆர்.என்.ஏ. தொழில்நுட்பம் அங்கேதான் உள்ளே வருகிறது.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வினோத் பாலச்சந்திரன் என்ற இந்திய வம்சாவளி அறுவை சிகிச்சை நிபுணர் தலைமையிலான குழு, பயோஎன்டெக் நிறுவனத்தோடு சேர்ந்து இதைச் செய்தது. எடுத்துக்கொண்ட நோய், கணையப் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை ஆராய்ந்து, ஒவ்வொருவருக்கும் 20 துண்டுகள்வரை கொண்ட தனி ஊசி தயாரித்தார்கள். ரத்த நாளத்தில் ஏற்றியதும் அந்த எம்.ஆர்.என்.ஏ.வை மண்ணீரலில் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் விழுங்கிக்கொள்ளும், துண்டைக் காட்டும், டி செல்லை எழுப்பும். செல்களை வெளியே எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவது, 18 மணி நேர ஓட்டம் எதுவும் இல்லை. எம்.ஆர்.என்.ஏ.வே ஆபத்து மணியாகவும் வேலை செய்வதால் இரண்டாவது சாவியும் கிடைத்துவிடுகிறது.

16 பேர். அதில் 8 பேருக்கு டி செல்கள் பெருகின, மீதி 8 பேருக்கு இல்லை. மூன்று வருடங்களுக்கு மேல் கவனித்த பிறகு, டி செல் பெருகிய 8 பேரில் 2 பேருக்கு மட்டுமே நோய் திரும்பியிருந்தது. பெருகாத 8 பேரில் 7 பேருக்குத் திரும்பிவிட்டது. கணையப் புற்றுநோயில் இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்ப்பது அபூர்வம். 2025-ல் இந்த முடிவு வந்தபோது நிபுணர்கள் உற்சாகமானதில் ஆச்சரியமில்லை.

கூடவே சில ‘ஆனால்’களும் உண்டு. எல்லாருக்கும் பிரேக்கை விடுவிக்கும் மருந்தும், கிட்டத்தட்ட எல்லாருக்கும் கீமோவும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. ஊசி போடாத ஒப்பீட்டுக் குழு இல்லை. ஊசிக்கு நன்றாக எதிர்வினை காட்டியவர்களின் உடம்பு இயல்பிலேயே திடமாக இருந்திருக்கலாம், ஊசி இல்லாமலும் அவர்கள் நன்றாக இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பல நாடுகளில் அடுத்த கட்டப் பெரிய ஆய்வு நடக்கிறது. முக்கியமாக, இவர்கள் எல்லாருமே கட்டியை அறுத்து எடுக்க முடிந்தவர்கள். பரவிவிட்ட நிலையில் இருப்பவர்களுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

நம் ஊரில்?

சென்னை அடையாறு புற்றுநோய் மையம் இதில் சும்மா இருக்கவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நோயாளிகள் சிலருக்கு அவர்களுடைய சொந்த டென்ட்ரிட்டிக் செல்களையே தயாரித்துக் கொடுத்துப் பார்த்து, முடிவை 2014-ல் வெளியிட்டது. இது சாத்தியமா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் தொடக்கநிலை ஆய்வு, நோய் குணமாகுமா என்று பார்ப்பதற்கானது அல்ல. சென்னையிலேயே இந்த செல்லைத் தயாரிக்க முடிந்தது என்பதே பெரிய விஷயம்தான்.

குருகிராமைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் டென்ட்ரிட்டிக் செல் சிகிச்சைக்கு 2017-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வு சில டஜன் நோயாளிகளிடம், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நடந்தது. எனவே ‘அரசு அனுமதி பெற்றது’ என்று யாராவது சொன்னால் அது பொய் இல்லை. ஆயுளைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்வியை நேராகவே கேட்கலாம். லட்சக்கணக்கில் கட்டச் சொல்லும் மையத்தில், ‘என் அப்பாவுக்கு வந்திருக்கும் இதே புற்றுநோயில், இதே கட்டத்தில், இந்த சிகிச்சை எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள்?’ என்று கேளுங்கள். டி செல் எத்தனை மடங்கு கூடியது என்ற வரைபடத்தைக் காட்டினால், அது உங்கள் கேள்விக்கான பதில் இல்லை. எந்தத் துண்டை ஊட்டுகிறார்கள், எங்கே தயாரிக்கிறார்கள், செல் ஆக்டிவேட் ஆனதா என்று ஒவ்வொரு டோஸுக்கும் சோதிக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டியவை. பாதி எழுந்த செல் என்ன பாடம் நடத்தும் என்று மேலேயே பார்த்தோம்.

‘இது ஆய்வின் பகுதி’ என்று சொன்னால், இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் அதன் பதிவு எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கமில்லை. கிடைக்கும் ஆவணங்களை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடமோ வேறொரு அரசு மையத்திலோ இரண்டாவது கருத்து கேட்கலாம். கீமோவையோ அறுவை சிகிச்சையையோ தள்ளிப்போட்டுவிட்டு முதலில் இதை எடுங்கள் என்று யாராவது சொன்னால், பைலை வாங்கிக்கொண்டு அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.